தேக்கி வைத்த இனிப்பு

பொதுக்காலம் 18-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 16: 2-4, 12-15, எபேசியர் 4: 17, 20-24, யோவான் 6: 24-35



சந்தியாகப்பர் திருவிழா முடிந்து, வந்த உறவுக்காரர்கள் ஊர் திரும்பி, தங்கச்சிமடம் மறுபடி தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் போகிறார்கள். தோப்பில் வேலை இருக்கிறவர்கள் தோப்புக்குப் போகிறார்கள். தோப்புக்காரர்களிடம் இந்தக் கோடையிலிருந்து ஒரே புலம்பலைக் கேட்கிறேன். "சாமி, கீழ் ஓலையெல்லாம் கரி அப்பின மாதிரி கறுத்துப் போச்சு. மரத்துக்கு என்ன சீக்கோ தெரியலை" என்கிறார்கள். மரத்தடியில் நிறுத்தின பைக்கின் சீட்டில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கொடியில் காயப்போட்ட சேலையில் எறும்பு மொய்க்கிறது.

கறுத்த ஓலைக்கு மேலே இருக்கும் ஓலையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்திருக்கும். அதுதான் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அதன் பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. தென்னையின் சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட்டு, தேன் போன்ற ஒரு கழிவை வெளியே தள்ளுகிறது. அந்த இனிப்புநீர் கீழ் ஓலையில் சொட்டித் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கரும்பூசணம் வளர்கிறது. மல்லிகை நாற்று போடும் வீடுகளில் மாவுப்பூச்சியைப் பார்த்தவர்களுக்கு, பருத்தியில் அசுவினியைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பிசுபிசுப்பு புதிதல்ல.

நம் பங்கில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, செல்போன் கேமராவின் மேல் ஒரு சிறு உருப்பெருக்கி லென்ஸை மாட்டி, ஓலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்திருக்கிறான். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் அதை எனக்குக் காட்டினான். திரையில் இந்த ஈயின் குஞ்சு தெரிந்தது. முட்டையிலிருந்து வந்த புதிதில் கொஞ்சம் ஊர்ந்து திரியும். ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் இறக்கை முளைக்கும்வரை அங்கேயேதான். தட்டையாக, ஓலையோடு ஒட்டிக்கொண்டு, உறிஞ்சுவது ஒன்றே வேலையாக இருக்கிறது. அதன் வால்பக்கத்தில் சின்னஞ்சிறு குழி ஒன்று. குழியில் நாக்கு வடிவில் ஒரு உறுப்பு. அதன் நுனியில் ஒரு துளி மெல்லத் திரள்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த துளி. பெரிதாகிறது, இன்னும் பெரிதாகிறது. சட்டென்று காணவில்லை.

"எங்கே போச்சு?" என்று கேட்டேன். "அதுதான் ஃபாதர் எனக்கும் சிக்கலை. இந்தப் படத்தில் துளி இருக்கு, அடுத்த படத்தில் இல்லை" என்றான். செல்போன் நொடிக்கு முப்பது படம் எடுக்கிறது. அந்த முப்பதில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்தச் சின்ன நாக்கு துளியைச் சுண்டி எறிந்துவிடுகிறது. இடம்விட்டு நகர முடியாத உயிர் அது. துளியை எறியாமல் வைத்திருந்தால் தன் இனிப்பிலேயே தான் மூழ்கி, அதன்மேலேயே பூசணம் வளர்ந்து சாகும்.

இப்படி எறிவதையே பொறுமையாகப் படம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாத் பாம்லா என்பவர் அப்போது அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தார். தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு தத்துப்பூச்சி துளித்துளியாக நீர் எறிவதைப் பார்த்து, 'இது எப்படிச் செய்கிறது?' என்று யோசித்திருக்கிறார். அவரும் அவருடைய மாணவர் எலியோ சல்லிட்டாவும் மற்றவர்களும் அதிவேகக் கேமராக்களால் அதைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2023-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பூச்சி குடிப்பது செடியின் வேரிலிருந்து மேலேறும் வெறும் நீரை. அதனால் அது எறிவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் சத்து மிகமிகக் குறைவு என்பதால் ஒரு நாளில் தன் உடல் எடையைப் போல 300 மடங்கு வரை குடித்துக் கழிக்கிறது. வால்நுனியில் உள்ள ஒரு சிறு தண்டில் துளியைத் திரட்டி, அதைக் கொஞ்சம் அழுத்தி, பிறகு விசையோடு எறிகிறது. தண்டின் வேகத்தைவிடத் துளியின் வேகம் 40 சதவீதம் அதிகம். அவ்வளவு வறிய உணவை உண்டு வாழும் பூச்சி, எறிவதற்கு ஆகும் சக்தியையும் இப்படி மிச்சப்படுத்துகிறது.

நம் தென்னையின் வெள்ளை ஈ குடிக்கும் சாறு வேறு. அது இலையில் சமைத்து மரம் முழுவதற்கும் போகிற சாறு. அதில் சர்க்கரை ஏராளம். உடம்பு வளரத் தேவையான புரதச்சத்தோ மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறது. குடித்ததில் பெரும்பங்கு இனிப்பு தன் வழியாகக் கடந்து போய்விடுகிறது. அதை எறும்பு உண்கிறது, தேனீ உண்கிறது, குளவி உண்கிறது. கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் பூச்சிக்கு இல்லை. அதைப் புனிதராக்க நான் வரவில்லை. தோப்புக்காரருக்கு அதனால் நட்டம்தான். ஆனாலும் பிரியமானவர்களே, ஒரு கேள்வியை அது நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறது. ஆண்டவர் நமக்குள் ஊற்றிய இனிப்பு நம் வழியாக யாருக்காவது போகிறதா, அல்லது நம்மிடமே தேங்கிவிடுகிறதா?

இன்றைய முதல் வாசகத்துக்கு வருவோம். இஸ்ரயேல் மக்கள் சீன் பாலைநிலத்தில் நிற்கிறார்கள். எகிப்திலிருந்து புறப்பட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். வயிறு காய்ந்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. இறைச்சிச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடிமை வாழ்வே மேல் என்று மோசேயிடமும் ஆரோனிடமும் முணுமுணுக்கிறார்கள். ஆண்டவர் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? முதலில் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு சோறு தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. முணுமுணுத்த வாய்க்கே உணவு தந்தார். மாலையில் காடை வந்தது. காலையில் பனி மறைந்ததும் தரையில் மெல்லிய, வெண்மையான ஒன்று கிடந்தது. அதற்கு மன்னா என்று பெயர் என்றும், அது கொத்தமல்லி விதை போன்றது என்றும், தேன் கலந்த பணியாரத்தின் சுவை என்றும் அதே அதிகாரம் பிறகு சொல்கிறது.

அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தவர்கள் உண்டு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் போடன்ஹைமர், 1927-இல் தம் தோழர் ஆஸ்கர் தியோடருடன் சீனாய்ப் பாலைநிலத்துக்கே போய்ப் பார்த்தார். அங்கே வளரும் சவுக்கை ஒத்த ஒரு புதர்மரத்தில் செதில்பூச்சிகள் சாறு குடித்து இனிப்புத் துளிகளை விடுவதையும், அந்த வறண்ட காற்றில் துளிகள் உறைந்து வெண்மணிகளாகத் தரையில் உதிர்வதையும் கண்டார். அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் அதைப் பொறுக்கி உண்டு வந்ததையும், அதை மன்னா என்றே அழைத்ததையும் பதிவு செய்தார். அவருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே எரன்பர்க் என்ற ஜெர்மானிய அறிஞரும் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு மனசு சங்கடப்படலாம். 'வானத்திலிருந்து வந்த உணவு என்று நம்பினோமே, பூச்சியின் கழிவா அது?' என்று தோன்றலாம். இப்படித்தான் என்று திருச்சபை நம்மை நம்பச் சொல்லவில்லை. ஒரு பெரும் மக்கள்கூட்டத்தை நாற்பது ஆண்டு தாங்க அந்தப் புதர்களின் துளிகள் போதுமா என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு. ஆனால் அது அப்படியே இருந்தாலும் நம் விசுவாசத்துக்கு என்ன குறை? மாட்டுக்கொட்டிலில் பிறக்கத் தயங்காத ஆண்டவர், ஒரு செதில்பூச்சியின் வழியாக உணவு தரத் தயங்குவாரா? பூச்சிகளும் புழுக்களும் இல்லாமல் இந்தப் படைப்பு தாங்காது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் நமக்கு நினைவூட்டுகிறது. எதனால் ஆனது என்பதில் அற்புதம் இல்லை. முணுமுணுத்தவர்களுக்கு அது காலைதோறும் வந்தது. வந்தது எல்லாருக்கும் போதுமாக இருந்தது. அற்புதம் அங்கே இருக்கிறது.

வாசகம் பதினைந்தாம் வசனத்தோடு நின்றுவிட்டது. இன்றிரவு வீட்டில் விவிலியத்தை எடுத்து அதற்கு அடுத்த வரிகளையும் வாசியுங்கள். தலைக்கு ஓர் ஓமர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மோசே சொல்கிறார். ஓடியாடிச் சிலர் நிறையச் சேர்க்கிறார்கள். முடியாதவர்கள் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அளந்து பார்த்தால் நிறையச் சேர்த்தவருக்கு மிச்சமில்லை; கொஞ்சம் சேர்த்தவருக்குக் குறைவில்லை. காலைவரை வைக்காதீர்கள் என்றும் மோசே சொன்னார். சிலர் கேட்கவில்லை. எடுத்து மூடி வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழுத்து நாறிக் கிடந்தது.

அப்படி மூடி வைத்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அடிமையாக இருந்த சனம் அது. நாளைக்குச் சோறு உண்டு என்று யாரும் அவர்களுக்கு உறுதி சொன்னதில்லை. கிடைத்ததை ஒளித்து வைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்திருப்பார்கள். பயத்தால்தான் மூடி வைத்தார்கள். நாமும் அப்படித்தான். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் முன்னமே சேர்த்துவைக்கத்தான் வேண்டும். மகள் கலியாணத்துக்குச் சீட்டுப் போடுவதும், வலைக்கென்று காசு எடுத்துவைப்பதும் பாவமில்லை. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்த மன்னா புழுக்கவில்லை என்றும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆண்டவரை நம்பிச் சேர்த்தது கெடுவதில்லை. ஆண்டவர் நாளைக்கு இருக்கமாட்டார் என்று பயந்து சேர்த்ததுதான் கெட்டது.

பணத்தைவிட நாம் அதிகமாகத் தேக்கி வைப்பது இன்னொன்றை. அது இரக்கம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, குருவின் வாயிலிருந்து பாவமன்னிப்பைக் கேட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறோம். நெஞ்சு எவ்வளவு லேசாகிறது! வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எதிரில் அந்த அண்ணன் வருகிறார். வாசல் தகராறில் மூன்று வருடமாகப் பேசாத அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். உள்ளே வாங்கிய இனிப்பு அந்தப் படிக்கட்டிலேயே நின்றுவிடுகிறது. சமாதான வாழ்த்தின்போது நம் கை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று நினைத்துப் பாருங்கள். விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் நடுவில், அண்ணன் தம்பிக்கு நடுவில், மாமியார் மருமகளுக்கு நடுவில், எத்தனை காலமாக எது தேங்கிக் கிடக்கிறது?

ஆண்டவர் இயேசு மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஒரு பணியாளனின் கதையைச் சொல்கிறார். அவன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி. எத்தனை பிறவி உழைத்தாலும் அடைக்க முடியாத கடன். அரசன் மனமிரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தான். அவனோ வெளியே போய், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக பணியாளனின் கழுத்தை நெரித்தான். நூறு நாள் கூலி சின்னக் காசு இல்லை. நமக்கு அது தெரியும். நமக்கு நடந்த காயங்களும் சின்னவை இல்லை. ஆண்டவர் அவற்றைச் சின்னது என்று சொல்லவில்லை. 6 கோடிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார் என்றுதான் சொல்கிறார்.

பிரியமானவர்களே, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த சிலருக்கு இப்போது நெஞ்சு கனத்திருக்கும். 'என்னிடம் தேங்கிக் கறுத்துப்போனது பல வருடத்துக் கறுப்பு. இனி என்ன செய்ய?' என்று ஒரு மூத்தவர் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தோப்புக்கே திரும்பிப் போவோம். ஓலையைக் கறுக்க வைத்த அந்தக் கரும்பூசணம் ஓலைக்குள் நுழைவதில்லை. அது ஓலையின் மேல் தேங்கிய இனிப்பைத் தின்று, மேலோடு படர்ந்திருக்கிறது. வெயில் ஓலையில் படவிடாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வேளாண் துறையினர் சொல்லும் வைத்தியம் என்ன தெரியுமா? மைதா மாவு! ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கலந்து ஓலையில் தெளிக்கிறார்கள். வெயிலில் பசை காய்ந்து, அப்பளமாக உரியும்போது கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருகிறது. அடியில் ஓலை பச்சையாகவே இருக்கிறது.

பழைய மனிதரைக் களைந்து, கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட புதிய மனிதரை அணிந்துகொள்ளுங்கள் என்று பவுலடியார் இன்று எபேசு மக்களுக்கு எழுதுகிறார். பாவம் நம்மேல் எவ்வளவு தடிப்பாகப் படிந்தாலும், திருமுழுக்கில் ஆண்டவர் நமக்குத் தந்த பிள்ளைக்குரிய உரிமையை அது தின்றுவிடவில்லை. வெளிச்சத்தைத்தான் மறைத்திருக்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் ஆண்டவர் அதை உரித்து எடுக்கிறார். எழுபது வயதில் வந்தாலும் எடுக்கிறார். 'ரொம்ப நாளாச்சு சாமி' என்று தயங்கி நிற்காதீர்கள். வாருங்கள். எத்தனை வருடம் என்று யாரும் உங்களை எண்ணச் சொல்லப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளை ஈயைக் கண்டதும் பூச்சிமருந்தை அடித்துவிட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். அடிக்காதீர்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்கிறார்கள். ஏனென்றால் அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற மிகச்சிறு குளவி, அதே ஓலையில் வாழ்கிறது. மருந்து முதலில் அந்தக் குளவியைத்தான் கொல்லும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி ஓலையைக் கழுவுங்கள், குளவி பெருகக் காத்திருங்கள் என்கிறார்கள். காத்திருந்து பலன் கண்டதும் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடாமல் அழித்தபோது, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டுவந்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயிர்கள் அவை.

ஆண்டவர் சொன்ன உவமையில், வயலில் களையைப் பார்த்ததும் பிடுங்க ஓடிய பணியாளர்களை, கோதுமையும் கூட வந்துவிடும் என்று வீட்டுத்தலைவர் தடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளில் ஒருவன் குடியில் விழுந்துவிட்டால், ஒருத்தி சொல்பேச்சுக் கேட்காமல் போய்விட்டால், ஒரே அடியில் சரிசெய்துவிடத் துடிக்கிறோம். சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் அவனுக்குள் இன்னும் உயிரோடிருக்கும் நல்லதையும் சேர்த்துக் கொல்லாதா? அவனுக்குள் ஆண்டவர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார். அந்த வேலை சின்னது; நம் கண்ணுக்குத் தெரியாது. பொறுங்கள். கழுவ முடிந்ததைக் கழுவுங்கள். வீட்டின் கதவை மட்டும் அடைக்காதீர்கள்.

நற்செய்தியில் ஆண்டவரைத் தேடி மக்கள் கப்பர்நாகும்வரை படகேறி வருகிறார்கள். கரையில் அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் தேடி வந்தீர்கள் என்று அவர் நேராகவே சொல்கிறார். சொன்னாலும் விரட்டவில்லை. பாலைநிலத்தில் உங்கள் முன்னோருக்கு உணவு தந்தவர் மோசே அல்ல, என் தந்தையே என்கிறார். பிறகு, வாழ்வு தரும் உணவு நானே என்று தம்மையே நீட்டுகிறார். மன்னா வெயில் ஏறியதும் உருகியது. கானான் நாட்டு விளைச்சலை அவர்கள் உண்ட நாளில் நின்றும் போனது. இந்த உணவு நிற்பதில்லை. இன்னும் சிறிது நேரத்தில் இந்தப் பீடத்தில் அவர் மறுபடி தம்மைப் பிட்டுத் தருவார். நாளைக் காலைத் திருப்பலியிலும் தருவார். அதனால்தான் இரக்கத்தை நாம் ஒளித்துவைக்க வேண்டிய அவசியமில்லை. இன்று மன்னித்தால் நாளைக்கு மன்னிக்க மனசில்லாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். நாளைக்கான மனசை அவர் நாளைக்குத் தருவார்.

'கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறவர்களையும் நான் அறிவேன். கடலில் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருக்கும் கணவனுக்காகக் கண் உறங்காத சகோதரி இங்கே இருக்கிறார். படகு போய், கடன் மட்டும் நிற்கிற குடும்பம் இருக்கிறது. அம்மா, கொஞ்சம் சேர்த்தவருக்குக் குறைவில்லை என்ற வரி உங்களுக்காக எழுதப்பட்டது. உங்களால் நிறையப் பொறுக்க முடியாத காலம் இது. உங்கள் ஓமரை நிரப்பும் பொறுப்பு ஆண்டவருக்கு இருக்கிறது. அதை நிரப்ப அவர் எங்கள் கைகளைக் கேட்கிறார்.

பவுலடியார் அந்த வரியைத்தான் எடுத்துக்கொண்டார். எருசலேமில் ஏழைகள் வாடியபோது, கொரிந்து சபையாரிடம் காணிக்கை கேட்டு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில், நிறையச் சேர்த்தவர், கொஞ்சம் சேர்த்தவர் என்ற அதே மன்னாக் கணக்கை நினைவூட்டுகிறார். உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பட்டும் என்கிறார். நம் கடற்கரையிலும் இது புதிதல்ல. மீன்பாடு நன்றாக இருந்த நாளில், கரையில் கூடையோடு நிற்கும் கைம்பெண்ணுக்கு ஒரு கை மீன் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம். அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் அதைக் கண்ணில் காட்டிக் கொடுங்கள்.

ஆகையால் அன்பானவர்களே, இந்த வாரம் உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். பேசாமல் இருக்கிற ஒருவர் வீட்டுக்கு நீங்களே முதலில் போங்கள். பழைய கணக்கைப் பேச வேண்டாம், நலம் விசாரித்துவிட்டு வந்தால் போதும். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்து நாளான ஒருவரை, நீங்களாகவே இருந்தாலும், சனிக்கிழமை மாலை ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள். திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். சிறையில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு இந்த ஞாயிறுக் காணிக்கையிலிருந்து ஒரு பங்கு போகும், தாராளமாகப் போடுங்கள். நாம் பெற்ற இரக்கம் நம்மோடு நின்றுவிடாதபடி, இரக்கமுள்ள ஆண்டவர் நம் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.